மாடு தண்ணீர் குடிக்காத தோட்டம்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து இளம் அதிகாரி ஒருவர் போன் செய்தார். "மேடம், இப்பல்லாம் எந்த டவர்ல எவ்வளவு கதிர்வீச்சுன்னு உட்கார்ந்த இடத்துலயே வரைபடத்துல பாத்துக்கலாம். நீங்கல்லாம் மீட்டரைத் தூக்கிட்டுத் தெருத்தெருவா அலைஞ்சீங்களாமே. நம்ம ஆண்டு மலருக்கு அதை ரெண்டு பக்கம் எழுதித் தாங்க" என்றார். இரண்டு பக்கத்தில் அடங்காதே என்றேன். "அடங்கலைன்னா எழுத்தைச் சின்னதாக்கிக்கிறோம்" என்றார். பிழைக்கத் தெரிந்த பிள்ளை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர், வாக்கப்பட்டது ராஜபாளையம். இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் போன நேரத்தைக் கூட்டினால் சில வருடங்கள் தேறும். தொலைபேசித் துறையில் சேர்ந்தபோது கறுப்பு டயல் போன் காலம். பயிற்சியில் கேபிள் ஒட்டினேன், எக்ஸ்சேஞ்சில் ஒயர் எண்ணினேன், டிரங்க் கால் தகராறுகளைத் தீர்த்துவைத்தேன். பிறகு போன்கள் எல்லாருடைய சட்டைப் பைக்கும் போய்விட்டன, டவர்கள் முளைத்தன, டவர்களோடு பயமும் முளைத்தது. தலைவலியா, டவர். சிட்டுக்குருவியைக் காணோமா, டவர். தென்னையில் குரும்பை உதிர்கிறதா, டவர். மனுக்கள் குவியவும், வீடு வீடாகப் போய் அளந்து சொல்ல ஒரு சின்னப் பிரிவு வைத்தார்கள். அதில் என்னைப் போட்டபோது ஐம்பதைத் தொட்டிருந்தேன். "ஜெபமணிக்கு மூட்டை கட்டும் வயசுல மீட்டர் தூக்குற வேலை" என்று தோழிகள் சிரித்தார்கள்.

அந்த மீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கைப்பிடி, அதன் நுனியில் கறுப்புப் பந்து. பார்ப்பதற்கு அச்சு அசல் மைக். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் முதல் தடவை அதை வெளியே எடுத்தபோது, மனு கொடுத்த பெரியவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு பந்துக்கு நேராக வந்து, "பெருமதிப்பிற்குரிய அதிகாரி அவர்களே" என்று ஆரம்பித்துவிட்டார். நடுவில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அவர் பேசி முடித்ததும், "ஐயா, இது காதால கேக்காது. காத்துல வர்ற அலையை மட்டுந்தான் அளக்கும்" என்றேன். "அப்ப நான் பேசினதெல்லாம்?" என்றார். "நான் கேட்டேன்" என்றேன். அதில் அவருக்குத் திருப்திதான்.

அளப்பதற்கு ஒழுங்குமுறை உண்டு. முதலில் நம் கைபேசியை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் நம்மையே அளந்துகொண்டிருப்போம். மீட்டரை மர முக்காலியில் நிறுத்திவிட்டு விலகி நிற்க வேண்டும். இடுப்பு, நெஞ்சு, தலை என்று மூன்று உயரங்களில் பந்தை வைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஆறு நிமிடச் சராசரி. அந்த ஆறு நிமிடத்தில் செய்வதற்கு நமக்கு வேலை எதுவும் கிடையாது. வீட்டுக்காரர்கள் பேசுவார்கள். மருமகள் கதை, மூட்டுவலி, மில்லில் ஷிப்ட் மாறியது எல்லாம் வரும். அப்போது நம் நாட்டில் வைத்திருந்த வரம்பு, உலக அளவில் பரிந்துரைத்ததில் பத்தில் ஒரு பங்குதான். நான் அளந்த இடங்களில் பெரும்பாலும் அந்த வரம்பின் அடிவாரத்தைக்கூட எண் தொட்டதில்லை.

எனக்கு மேலதிகாரி வேங்கடராஜா சார். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு. மனுக் கொடுத்த வீட்டிலும் சரி, டவர் கம்பெனிக்காரரிடமும் சரி, ஒரு வாய் காபி குடிக்க மாட்டார். பிளாஸ்க்கில் தன் காபியைக் கொண்டுவந்து வாசலில் நின்று குடிப்பார். முடிவு தெரியுமுன் எண்ணைச் சத்தமாகச் சொன்னால் வீட்டுக்காரர்கள் மிரள்வார்கள் என்று, அளவை வாய்க்குள் தெலுங்கில் முணுமுணுத்தபடி எழுதுவார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்தத் தந்திரம் நன்றாக வேலை செய்தது. ராஜபாளையத்தில் ஒரு வீட்டில், "ரெண்டு, மூடு, நாலுகு" என்று முணுமுணுத்தவரிடம் அடுப்படியிலிருந்து ஒரு அம்மா குரல் கொடுத்தார்: "மூடா நாலுகா? சரிகா செப்பண்டி!" மூன்றா நாலா, சரியாகச் சொல்லுங்கள் என்று, அந்த வீட்டுத் தெலுங்கில். சார் பேனாவை மூடிவிட்டார். அதற்குப் பிறகு அந்த ஊரில் மௌனமாகத்தான் எழுதினார்.

அவரிடம் இன்னொரு கறார். 'ஒண்ணுமில்லை' என்ற சொல்லை நாங்கள் யாரும் சொல்லக் கூடாது. "வரம்புக்குள்ள இருக்குன்னு சொல்லுங்க. ஒண்ணுமில்லாம யாரும் மெனக்கெட்டு மனு எழுத மாட்டாங்க" என்பார்.

அது எவ்வளவு சரி என்று ஒரு ஓய்வுபெற்ற வங்கிக்காரர் வீட்டில் பார்த்தேன். டவரால் தூக்கம் போய்விட்டது என்று படுக்கையறை ஜன்னல் முழுக்கச் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டியிருந்தார். அறை தோசை பார்சல் மாதிரி மின்னியது. டவரோ இரண்டு தெரு தள்ளி. மாடியில் அளந்தேன், அளவு பேருக்கு இருந்தது. படுக்கைக்குப் பக்கத்தில் வைத்ததும் எண் துள்ளியது. பார்த்தால், தலைமாட்டுப் பலகையில் வைஃபை பெட்டி. தலையணைக்கு அடியில் கைபேசி. பெட்டியிலிருந்து கிளம்பிய அலை வெளியே போகாதபடி அலுமினியத் தாள் வேறு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அதுவும் வரம்புக்குள்தான் என்றே சார் சொன்னார்; அதனால்தான் தூக்கம் கெட்டது என்று சொல்லவில்லை. வங்கிக்காரர் பெட்டியை அடுப்படிக்கு மாற்றினார். மறுவாரம் அவர் மனைவியிடமிருந்து மனு வந்தது.

மின்சாரக் கம்பிகளைப் பற்றிய புகார் எங்கள் பிரிவுக்கு வரக்கூடாதுதான். ஆனால் வரும். அய்யனார் கோவில் போகிற பாதையில் ஒரு மாந்தோப்புக்காரர், உயரழுத்தக் கம்பிக்குக் கீழே பொழுது சாயும் நேரத்தில் ஒரு டியூப்லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எந்த இணைப்பும் இல்லாமல் அது மங்கலாக எரிந்தது. "பாத்தீகளா, கரண்டு மழையாப் பெய்யுது. இதுக்குக் கீழ எப்படி மாங்காய் பறிக்க?" என்றார். டவர் அலை வேறு, இது வேறு; இந்தக் கம்பியின் புலம் மிக மெதுவாகத் துடிப்பது, எங்கள் பந்துக்கு இது தெரியவே தெரியாது என்று விளக்கினேன். சாரிடம், தவறான ஆபீசுக்கு வந்த மனு என்று சொன்னேன். "தப்பான ஆபீசுக்கு வந்தாலும் மனு மனுதான்" என்றார். தோப்பின் இரும்பு வேலியைத் தொட்டால் சுருக்கென்றது. சரியான ஆபீசுக்கு எழுதி வேலிக்கு எர்த் போட வைத்தோம், சுருக்கு நின்றது. அன்றிலிருந்து என் பையில் சாதாரண மல்டிமீட்டர் ஒன்றையும் போட்டுக்கொண்டேன். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருப்பார்களே, அதுதான்.

இனி பாக்கியத்தின் மாடுகள்.

செட்டியார்பட்டிக்கு வெளியே பாக்கியத்துக்கு ஒரு சின்னத் தோட்டம். நாலு பசு. கணவர் மில்லில் வேலை. மாடு கன்று எல்லாம் பாக்கியம் பொறுப்பு. அடுத்த நிலத்தில் டவர். நாற்பத்தேழு பேர் கையெழுத்துப் போட்ட மனு வந்திருந்தது: டவர் வந்ததிலிருந்து கால்நடைகள் தண்ணீர் அருந்த மறுக்கின்றன, பால் வற்றிவிட்டது, மனிதர்களுக்கும் பாதம் எரிகிறது, ஆகவே டவரை அகற்ற வேண்டும். சார் வேறொரு கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்ததால் நான் மட்டும் போனேன். டவர் கம்பெனி சார்பில் பிரவீன் என்ற சூப்பர்வைசர் வந்திருந்தார். சிவகாசிப் பக்கம், மரியாதையான ஆள், வேலைக்குப் புதுசு.

பாக்கியம் சொன்ன இடத்தில் எல்லாம் அளந்தேன். தொழுவம், தொட்டி, வாசல், மூன்று உயரம், ஆறு ஆறு நிமிடம். வரம்புக்கு வெகு கீழே. பிரவீன் முகம் மலர்ந்தது. மீட்டரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "வரம்புக்குள்ளதான் இருக்கு, பாக்கியம்" என்றேன்.

பாக்கியம் இடுப்பில் கை வைத்து நின்றாள். "வரம்புக்குள்ள இருக்கட்டும்மா. அப்ப என் மாடு பொய் சொல்லுதா?"

அளவும் பொய்யில்லை, அவளும் பொய் சொல்கிற ஆளில்லை. "மாடு தண்ணி குடிக்கிறதைக் காட்டு" என்றேன்.

ஒரு செவலைப் பசுவை அவிழ்த்துவந்தாள். வெயிலில் நாக்கு வறண்டிருந்தது. சிமெண்டுத் தொட்டியில் மூக்கை வைத்ததும் வெடுக்கென்று தலையை உதறிப் பின்வாங்கியது. மறுபடி வந்தது, மறுபடி உதறியது. பாக்கியம் அதே தொட்டித் தண்ணீரைப் பிளாஸ்டிக் வாளியில் மொண்டு நாலடி தள்ளி வைத்தாள். பசு ஒரே மூச்சில் வாளியைக் காலிசெய்தது.

"பாத்தீகளா? ரெண்டு மாசமா நாலு மாட்டுக்கும் வாளியில மொண்டே என் இடுப்பு ஒடிஞ்சுபோச்சு."

"ரெண்டு மாசமா? டவர் வந்ததிலிருந்துன்னு மனுவுல இருக்கே?"

"டவரு வந்து ரெண்டு வருசமாச்சும்மா. மனு எழுதுனவரு அப்படி எழுதுனாத்தான் எடுபடும்னாரு."

ஆகாயத்து அலை தொட்டியைத் தொந்தரவு செய்துவிட்டு, நாலடி தள்ளியிருக்கிற வாளியை விட்டுவைக்காது. தொட்டிக்குள் தண்ணீர் கொட்டும் இரும்புக் குழாயைப் பார்த்தேன். போர்க் கிணற்றிலிருந்து டவர் வேலியை ஒட்டி மண்ணுக்கடியில் வருகிற குழாய். மல்டிமீட்டரை எடுத்தேன். ஒரு முனையைக் குழாயில் வைத்தேன். பசுவின் முன்னங்கால் நின்ற ஈரமண்ணில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் குத்தி மறுமுனையை அதில் வைத்தேன். பதினோரு வோல்ட். எனக்கு நம்பிக்கை வராமல் பாட்டரியைக் கழற்றிப் போட்டு மறுபடி வைத்தேன். பதினொன்று. செருப்புப் போட்ட நமக்கு அது தெரியாது. ஈர மூக்கும் வெறும் குளம்புமாக நிற்கிற மாட்டுக்குத் தெரியும். வெறுங்காலோடு கழுவித் துடைக்கிற பாக்கியத்துக்கும் தெரியும்.

முதலில் பாக்கியத்தின் பம்பு மோட்டாரை அணைத்துப் பார்த்தேன். பதினொன்று அப்படியே நின்றது. "பிரவீன், உங்க டவர் மெயினைச் செத்த நேரம் ஆஃப் பண்ணுங்க. பாட்டரியில ஓடும்ல?" என்றேன். அவர் போய் அணைத்தார். மீட்டரில் சைபர். "ஆன் பண்ணுங்க." பதினொன்று. "ஆஃப்." சைபர். மூன்றாவது தடவை பிரவீன் தானாகவே வந்து மீட்டரை எட்டிப் பார்த்தார். முகத்தில் பழைய மலர்ச்சி இல்லை.

போன கரண்ட் திரும்பிவர ஒரு கம்பி உண்டு, நியூட்ரல் என்போம். இங்கே அது கம்பியில் திரும்பாமல் மண்ணில் இறங்கி நடந்துகொண்டிருந்தது. குழாய் கிடைத்ததும் அதில் தொற்றிக்கொண்டு தொட்டிக்கு வந்திருக்கிறது. பதினோரு வோல்ட் ஆளைக் கொல்லாது. ஆனால் டவரின் எர்த் கம்பிக்கு மண்ணோடு உள்ள பிடி கொஞ்சம் விட்டுப்போனால் அதோடு சேர்ந்த டவர் வேலி முழுவதும் வீட்டுக் கரண்டின் முழு வீச்சில் நிற்கும். அந்த வேலியில்தான் பாக்கியம் காலையில் துவைத்த சேலையைக் காயப்போட்டிருந்தாள்.

"மெயினை இனிமே போட வேண்டாம்" என்றேன்.

பிரவீன் பதறினார். "மேடம், பாட்டரி நாலு மணி நேரந்தான் தாங்கும். சுத்துப்பட்டுல யாருக்கும் சிக்னல் இருக்காது. இது ரேடியேஷன் டெஸ்ட்லயும் வராது. நீங்க ரிப்போர்ட்டை மட்டும் குடுத்துட்டுப் போங்க. எங்க ஆளுங்க அடுத்த வாரம் வந்து பாப்பாங்க."

"அடுத்த வாரம் வரைக்கும் இந்தம்மா துணி காயப்போடணுமே."

"ஆஃப் பண்ணச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை மேடம்."

அவர் சொன்னது உண்மை. எனக்கு அதிகாரம் இல்லை. முப்பது வருட வேலையில் வரம்பு மீறினதாக ஒரு பேச்சுக்கூட நான் வாங்கியதில்லை. இருந்தும் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினேன். "அதிகாரம் இல்லைன்னு எழுதுங்க. வேலியில கரண்ட் வந்தா நீங்கதான் பொறுப்புன்னும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பொறவு நீங்களே ஆன் பண்ணுங்க."

அவர் தாளைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். பிறகு தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, பாக்கியத்தின் சேலையை ஒரு குச்சியால் எடுத்துக் கீழே போட்டார். நல்ல பையன். அந்தச் சேலைக்காக எனக்கு அவரை இன்றும் பிடிக்கும்.

சாருக்குப் போன் போட்டேன். "வாரேன்" என்று ஒரே வார்த்தை. ஸ்கூட்டரில் வந்தார். மின்சாரத்தைக் கம்பத்திலேயே துண்டிக்க வைத்த பிறகுதான் டவர் மின்பெட்டியைத் திறக்க விட்டார். உள்ளே நியூட்ரல் முனை கருகியிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் வந்த ஏதோ ஒரு கான்ட்ராக்ட் ஆள், கருகியதை மாற்றாமல், ஒரு துண்டு ஒயரை எர்த் கம்பிக்கு இழுத்துக் கட்டிவிட்டுப் போயிருந்தான். டவர் ஓடியது, அவன் வேலை முடிந்தது. மாடுகளுக்குத்தான் சொல்ல வாயில்லை.

சாயங்காலம் பாட்டரி தீர்ந்தது. வெளிச்சம் இருக்கும்போதே ஒரு கூட்டம் தோட்டத்துக்கு வந்துவிட்டது. போன் போகவில்லை, ஆகையால் நேரிலேயே வந்தார்கள். "சார், சிக்னல் எப்ப வரும்? துபாய்ல இருந்து என் மகன் கூப்பிடுற நேரம்" என்றார் ஒருவர். சார் பையிலிருந்து மனுவை எடுத்தார். "டவரை எடுக்கச் சொல்லி நாப்பத்தேழு பேரு கேட்டிருக்கீங்க. இதுல உங்க கையெழுத்து எது?" அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டாவது" என்றார். பிறகு மெதுவாக, "டவர் இருக்கட்டும் சார். கரண்டு மட்டும் ஒழுங்கா இருந்தாப் போதும்" என்றார். பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் மத்தியானத்துக்குள் முனையை மாற்றிப் புதுக் கம்பி போட்டார்கள். மெயினைப் போட்டதும் குழாயில் அளந்தேன். சைபர். ஆனால் மாடு வரவில்லை. அதற்கு மீட்டர் பார்க்கத் தெரியாதே. பாக்கியம் தொட்டித் தண்ணீரில் தன் கையை முழங்கை வரை விட்டு, "வாடி, ஒண்ணும் பண்ணாது, வா" என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றாள். வெகுநேரம் கழித்துச் செவலை வந்தது. மூக்கை வைத்தது. உதறவில்லை. அது உறிஞ்சுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. பிரவீன் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது.

எங்கள் படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. சார் படிவத்தின் ஓரத்தில் இரண்டே வாக்கியம் எழுதினார்: 'கதிர்வீச்சு வரம்புக்கு வெகுவாகக் கீழே உள்ளது. புகார் உண்மை.' பிறகு தனித்தாளில் விவரம்.

பத்து நாளில் எனக்கு மெமோ வந்தது. எல்லைக்கு அப்பாற்பட்ட சோதனை செய்து, அதிகாரமின்றிச் சேவை தடைபடக் காரணமானது ஏன்? ஓய்வுக்குச் சில வருடங்களே இருந்தன. அன்று வீட்டில் ரசத்துக்கு உப்பு இரண்டு தடவை போட்டேன். மறுநாள் பதில் எழுதி எடுத்துப் போனபோது, சார் ஏற்கெனவே பதில் அனுப்பிவிட்டார் என்று கிளார்க் சொன்னார். நகலைப் படித்தேன். தன் வாய்மொழி உத்தரவின் பேரிலேயே ஜெபமணி மெயினை நிறுத்தச் சொன்னார் என்று இருந்தது. உத்தரவிட்ட நேரம், நான் போன் செய்வதற்கு அரைமணி நேரம் முன்னதாக.

ஒரு புள்ளியைக்கூட மாற்றி எழுதாத மனிதர். நேரே அவர் அறைக்குப் போனேன். "சார், இது நடக்கலையே."

"நடந்திருக்கும்ல? நீங்க முன்னாடியே கூப்பிட்டிருந்தா வேற என்னம்மா சொல்லியிருப்பேன்?" என்றார். பிறகு கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "நேரத்தைக் கொஞ்சம் முன்னாடி தள்ளிட்டேன். அது தப்புதான். நீங்க அதைப் பெருசு பண்ணாதீங்க" என்றார். மெமோ அதோடு முடிந்தது. அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. இதனால்தானா என்று எனக்குத் தெரியாது. அவரும் சொன்னதில்லை.

மலர்க்காரரிடம் கட்டுரையைக் கொடுத்துவிடலாம் என்று இருந்தபோது, போன வாரம் பாக்கியம் போன் செய்தாள். நடுநடுவே குரல் அறுந்தது. "டவர்ல புதுசா ஏதோ பெட்டி மாட்டியிருக்காக. அஞ்சு ‘ஜி’யோ ஆறு ‘ஜி’யோ. மாடெல்லாம் நல்லாத்தான் குடிக்குது. எனக்குத்தான் ஒரு மாதிரியா இருக்கு. நீங்க வந்து பாருங்களேன்."

"நான் ரிட்டயர்டு, பாக்கியம். என்கிட்ட மீட்டர் இல்ல."

"மீட்டரு கெடக்கட்டும். நீங்க வாங்க."

போனேன். புதுப் பெட்டியை அண்ணாந்து பார்த்தோம். வரம்புக்குள் இருக்கிறவரை கெடுதல் என்று இதுவரை யாரும் உறுதியாகக் காட்டவில்லை என்று சொன்னேன். இன்னும் இருபது வருடம் கழித்து என்று கேட்டாள். அது எனக்குத் தெரியாது, ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்றேன். "தெரியாதா? சரி. அளந்து பாத்துக்கிட்டே இருந்தாச் சரிதான்" என்றாள்.

அப்போது அவள் கைபேசி அடித்தது. எடுத்து, ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டே டவருக்குக் கீழேயிருந்து ஓடி, தொழுவத்தைத் தாண்டி, ரோட்டோரப் புளியமரம் வரை போய்ப் பேசிவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"ஏன் அங்க போறே?"

"டவரு காலடியில சிக்னலு கெடைக்க மாட்டேங்குதும்மா. ஊருக்கெல்லாம் கெடைக்குது, எனக்குக் கெடைக்கல."

அலை டவரின் தலையிலிருந்து கிளம்பித் தூரத்துக்குப் போகும், நேர் கீழே அதிகம் இறங்காது. அதனால்தான் அன்றைக்கு இங்கே அளவு அவ்வளவு குறைவு என்று விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "அது இருக்கட்டும். எனக்கு எம்புட்டு அலை வரணுமோ அம்புட்டு வரட்டும். ஒரு மனு எழுதித் தாங்க."

வருடக்கணக்காக டவரை எடுக்கச் சொல்லி வந்த மனுக்களைப் படித்தவள், முதல்முறையாகச் சிக்னல் போதவில்லை என்று ஒரு மனு எழுதினேன். பாக்கியம் கையெழுத்துப் போட்டாள். அவள் உறையைத் தேடி உள்ளே போன சமயத்தில், கையெழுத்துக்கு மேலே இருந்த இடத்தில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: 'வரைபடத்தைப் பார்த்துப் பதில் அனுப்ப வேண்டாம். தயவுசெய்து ஓர் ஆளை நேரில் அனுப்பவும்.'